நினைவைத் தேய்க்கும் நீரிழிவு

மனித உடலின் எடையில் மூளையின் பங்கு ஏறத்தாழ 2 விழுக்காடே. ஆயினும், உடல் ஓய்ந்திருக்கும்போது செலவாகும் ஆற்றலில் ஏறக்குறைய 20 விழுக்காட்டை அதுவே எடுத்துக்கொள்கிறது. அதன் முதன்மையான எரிபொருள் குளுக்கோஸ் என்னும் சர்க்கரை. அதனைப் பெருமளவில் சேமித்து வைக்கும் வசதி மூளைக்கு இல்லை. குருதி கொண்டுவந்து தருவதையே ஒவ்வொரு நொடியும் நம்பியிருக்கிறது. ஆகவே, குருதியில் சர்க்கரையின் அளவு கூடினாலும் குறைந்தாலும் சிந்தனை தடுமாறுகிறது.

கூடுவதால் வரும் கேடு மெல்லச் சேர்வது. பல ஆண்டுகள் மிகுந்தே இருக்கும் சர்க்கரை, நுண்ணிய குருதிக்குழாய்களின் சுவர்களைச் சிதைக்கிறது. நீரிழிவால் விழித்திரையிலும் சிறுநீரகத்திலும் நேரும் இச்சிதைவு மூளையிலும் நேர்கிறது. உயிர்வளி போதாத இடங்களில் நரம்புச் செல்கள் நலிகின்றன. முதலில் சிந்தனையின் வேகமும் கவனமும் குறைகின்றன; பின்னர் நினைவாற்றலும் குன்றலாம். நெதர்லாந்தின் ராட்டர்டாம் நகரில் முதியோரிடையே நடத்தப்பெற்று 1999ஆம் ஆண்டு வெளியான ஆய்வு, நீரிழிவு உடையோர்க்கு மறதிநோய் வரும் வாய்ப்பு ஏறத்தாழ இருமடங்கு எனக் கண்டது. நீரிழிவு உடைய அனைவர்க்கும் மறதிநோய் வரும் என்பது இதன் பொருளன்று.

குறைவதால் வரும் கேடோ உடனடியானது. இன்சுலின் செலுத்திக்கொண்டபின் உணவைத் தவறவிட்டால், சர்க்கரை விரைந்து சரியக்கூடும். இளையோர்க்கு வியர்வையும் நடுக்கமும் அதனை முன்னரே உணர்த்தும். முதியோரிடம் இவ்வறிகுறிகள் மங்கிவிடுவதுண்டு. பேச்சுக் குழறலும் மனக்குழப்பமும் காரணமற்ற சினமுமே வெளிப்படலாம். 'வயதானால் இப்படித்தான்' என்று வீட்டார் அதனைக் கடந்துவிடும்போது, எளிதில் நீக்கத்தக்க கேடு உயிருக்கே ஊறாகிறது. திடீர்க் குழப்பம் கண்டால் உடனே சர்க்கரையை அளந்து பார்த்தல் வேண்டும். அளவு குறைந்திருந்து, அவர் விழிப்புடன் விழுங்கும் நிலையில் இருந்தால், சர்க்கரை கரைத்த நீரைத் தரலாம். நினைவிழந்தவர் வாயில் எதனையும் ஊற்றலாகாது. 108 ஊர்தியை அழைப்பதே முறை.

இவ்விரு கேடுகளும் ஒன்றையொன்று வளர்ப்பவை. மறதியால் ஒருவர் மாத்திரையை இருமுறை உட்கொண்டால் சர்க்கரை சரிகிறது. கடுமையான சரிவு மீண்டும் மூளையைத் தாக்குகிறது. எனவேதான், நலிந்த முதியோர்க்கு மருத்துவர்கள் சர்க்கரைக் கட்டுப்பாட்டின் இலக்கைச் சற்றுத் தளர்த்துகின்றனர்.

இந்தியாவில் 10 கோடிக்கும் மேற்பட்டோர்க்கு நீரிழிவு உள்ளதென 2023ஆம் ஆண்டு வெளியான ஆய்வு கூறுகிறது. அவர்களுள் பலர் முதுமையை எட்டிக்கொண்டிருக்கின்றனர். நாள்தோறும் நடத்தல், குருதி அழுத்தத்தைச் சீராக வைத்தல், புகையை விலக்குதல் ஆகியவை மூளையின் குருதிக்குழாய்களைக் காக்கும். மாத்திரைகளைக் கிழமைவாரியாகப் பெட்டியில் பிரித்து வைப்பதும், பாட்டி வேளைக்கு உண்டாரா என்று கேட்பதும் வீட்டிலுள்ள மாணவரால் இயலும் பணிகளே.