புகையை விட்டபின் வரும் இருமல்



ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடம் வரையுள்ள தொழிற்சாலைப் பகுதியில், ஷிப்ட் முடிந்து வெளியே வரும் பலருக்கு ஒரு டீயும் ஒரு சிகரெட்டும் வழக்கம். அவர்களில் சிலர் மனந்துணிந்து புகையை விட்டுவிடுகிறார்கள். நான்காம் நாளிலோ, "விட்ட பிறகுதான் உடம்பு கெட்டுப்போயிற்று" என்று மீண்டும் பற்றவைக்கிறார்கள். அந்த உபாதைகளின் காரணம் முன்பே தெரிந்திருந்தால் பலர் நிலைத்து நிற்பார்கள்.

நிக்கோட்டின் இரண்டு மூன்று நாட்களில் இரத்தத்தைவிட்டு நீங்கிவிடுகிறது. அதற்குப் பழகிப்போன மூளை அதைத் தேடுகிறது. அதனால் தலைவலி, எரிச்சல், படபடப்பு, தூக்கமின்மை, வேலையில் கவனக்குறைவு ஆகியவை உண்டாகின்றன. முதல் வாரத்தில் இவை கடுமையாக இருக்கும். பெரும்பாலும் இரண்டு முதல் நான்கு வாரங்களில் தணிந்துவிடும். சிலருக்கு மலச்சிக்கலும் வாய்ப்புண்ணும் வரலாம். பசி அதிகரித்து எடையும் சில கிலோ கூடலாம்.

இருமல்தான் பலரைப் பயமுறுத்துகிறது. மூச்சுக்குழாய்களின் உட்புறத்தில் சளியை மேலே தள்ளும் நுண்ணிய மயிரிழைகள் உண்டு. புகை அவற்றை முடக்கி வைத்திருந்தது. அவை மறுபடியும் வேலை செய்யத் தொடங்கும்போது தேங்கிய சளி வெளியே வருகிறது. நுரையீரல் தன்னைச் சுத்தம் செய்துகொள்கிறது.

ஆனாலும் எல்லா இருமலையும் அப்படியே விட்டுவிடலாகாது. இரண்டு வாரங்களுக்கு மேல் நீடித்தாலோ, மாலைக் காய்ச்சலும் எடைக் குறைவும் சேர்ந்தாலோ, காசநோய்க்கான சளிப் பரிசோதனை அவசியம். அரசு மருத்துவமனைகளில் அது இலவசம். சளியில் இரத்தம், நெஞ்சுவலி, மூச்சுத்திணறல் இருந்தால் உடனே மருத்துவரிடம் செல்லவேண்டும்.

இரவு ஷிப்டில் டீ குடிப்பவர்கள் ஒன்றைக் கவனிக்கவேண்டும். புகைப்பவரின் உடல் டீ, காபியிலுள்ள காஃபீனை வேகமாகக் கழித்துவிடும். புகையை விட்டபின் அதே நான்கு கிளாஸ் டீ முன்னைவிட அதிகமாகத் தாக்கும். படபடப்பும் தூக்கமின்மையும் கூடும். டீயைப் பாதியாகக் குறைப்பது நல்லது.

புகைக்கும் ஆசை ஒவ்வொரு முறையும் சில நிமிடங்களே நீடிக்கும். தண்ணீர் குடிப்பதும் சிறிது நடப்பதும் அதைக் கடக்க உதவும். தாங்கமுடியாதவர்களுக்கு மருத்துவரின் ஆலோசனைப்படி நிக்கோட்டின் சூயிங்கம் உண்டு. மத்திய அரசின் இலவசத் தொலைபேசி ஆலோசனை எண் 1800-11-2356.

உங்கள் வீட்டிலோ சபையிலோ ஒருவர் புகையை விட முயன்றால், முதல் மூன்று வாரங்கள் அவருக்குத் துணையாயிருங்கள். எரிந்து விழுந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். ஓராண்டு அவர் நிலைத்துவிட்டால், புகையினால் கூடியிருந்த மாரடைப்பு அபாயம் ஏறக்குறைய பாதியாகக் குறைந்துவிடும்.