பொட்டிப்புரம் நியூட்ரினோ திட்டம்: சுற்றுச்சூழல் ஆய்வை யார் செய்தால் என்ன?

தேனி மாவட்டம் பொட்டிப்புரத்தில் அம்பரப்பர் மலையைக் குடைந்து, சுமார் 2 கி.மீ. சுரங்கப்பாதையின் முடிவில் நியூட்ரினோ ஆய்வகம் அமைப்பதுதான் திட்டம்.

மலைக்குள் ஏன்?

மேலே சுமார் 1 கி.மீ. பாறை இருந்தால்தான் காஸ்மிக் கதிர்கள் பெரும்பாலும் தடுக்கப்படும். நியூட்ரினோ மட்டும் தடையில்லாம ஊடுருவி வரும்.

சிக்கல் எங்கே வந்தது?

கோவையின் சாலிம் அலி பறவையியல் மையம்தான் சுற்றுச்சூழல் ஆய்வைச் செய்தது. 2011-ல் மத்திய அரசு அனுமதி கொடுத்தது. ஆனால் 2017 மார்ச்சில் பசுமைத் தீர்ப்பாயம் அதை நிறுத்தி வைத்தது. காட்டுயிர் ஆய்வில் பெயர் பெற்ற மையம்தான். ஆனால் இத்தகைய திட்டங்களை மதிப்பிட அதற்கு அங்கீகாரம் இல்லை.

அங்கீகாரம் ஏன் முக்கியம்?

கேரளாவின் மதிகெட்டான் சோலை தேசியப் பூங்கா 5 கி.மீ.க்குள் இருக்கு. பறவை, விலங்குகளைக் கணக்கெடுத்தா மட்டும் போதாது. வெடி அதிர்வு, நிலத்தடி நீர், தோண்டிய கல்லை எங்கே கொட்டுவது என எல்லாவற்றுக்கும் துறைவாரியா நிபுணர்கள் பதில் சொல்லணும்.

பிறகு என்ன ஆச்சு?

2018 மார்ச்சில் மத்திய அரசு மீண்டும் அனுமதித்தது. தேசிய வனவிலங்கு வாரியத்தின் ஒப்புதலும் வேண்டும் என நவம்பரில் தீர்ப்பாயம் சொன்னது. 2022 பிப்ரவரியில், புலிகளின் வழித்தடத்தைச் சுட்டிக்காட்டி, திட்டம் வேண்டாம் என உச்ச நீதிமன்றத்தில் தமிழக அரசு தெரிவித்தது.