அடிமை விலங்கொடித்த ஆளுநர்

உயர்ந்த கொள்கையை நாவினால் உரைப்போர் பலர். அதன்பொருட்டுத் தம் உடைமையை இழக்க முன்வருவோர் மிகச் சிலரே. அச்சிலருள் ஒருவர், அமெரிக்க ஐக்கிய நாடுகளின் எல்லைப்புற மாநிலமாக விளங்கிய இல்லினாயின் இரண்டாம் ஆளுநர் எட்வர்டு கோல்ஸ் ஆவார்.

கோல்ஸ் 1786ஆம் ஆண்டில் வர்ஜீனியா மாநிலத்துச் செல்வக்குடி ஒன்றில் பிறந்தார். அக்குடியினரின் நிலங்களில் ஆப்பிரிக்க மரபினரான அடிமைகள் உழைத்து வந்தனர். அக்காலத்தில் அடிமைகள் ஆடுமாடுகளைப் போல விற்கப்பட்டனர். தந்தை இறப்பின் மைந்தர்க்குப் பங்கிடப்பட்டனர். வில்லியம் மேரி கல்லூரியில் பயின்றபோது, மாந்தர் அனைவரும் உரிமையுடன் பிறந்தவர் என்னும் அரசியல் நெறியைக் கோல்ஸ் கற்றார். அங்ஙனமாயின், மனிதனை மனிதன் உடைமையாகக் கொள்ளுதல் எவ்வாறு முறையாகும் என்னும் வினா அவர் உள்ளத்தை வாட்டியது. 1808இல் தந்தை மறைந்தார். நிலத்தோடு அடிமைகளும் அவர் பங்காக வந்தனர். அவர்களை விடுவிப்பதென அவர் உறுதி பூண்டார்.

ஆயினும் அஃது எளிதாக இல்லை. விடுதலை பெற்ற அடிமை ஓராண்டிற்குள் மாநிலத்தை விட்டு நீங்க வேண்டும் என்பது 1806ஆம் ஆண்டின் வர்ஜீனியச் சட்டம். ஆகவே, அடிமை முறை தடுக்கப்பட்டிருந்த மேற்குப் பகுதியில் குடியேறுவதே வழியென அவர் கருதினார். இடையே குடியரசுத் தலைவர் மாடிசனின் தனிச் செயலாளராகச் சில ஆண்டுகள் பணியாற்றினார். 1814இல், அமெரிக்க விடுதலை அறிக்கையை வரைந்த ஜெபர்சனுக்குக் கடிதம் எழுதி, அடிமை ஒழிப்புப் பணிக்குத் தலைமை தாங்குமாறு வேண்டினார். தமக்கு முதுமை வந்துற்றதென்றும், அப்பணி இளைஞர்க்கே உரியதென்றும் ஜெபர்சன் விடை எழுதினார். முதியவர் தயங்கிய இடத்தில் இளைஞர் துணிந்தார்.

1819இல் கோல்ஸ் தம் அடிமைகளுடன் மேற்கு நோக்கிப் புறப்பட்டார். பிட்ஸ்பர்க் நகரினின்றும் தட்டைப் படகுகளில் ஒஹையோ ஆற்றின் வழியே அவர்கள் சென்றனர். ஏப்ரல் திங்களில் ஒரு நாள், படகுகள் நீரோட்டத்தில் மிதந்து செல்லுகையில், அவர் எல்லோரையும் ஒருங்கே அழைத்தார். அக்கணம் முதல் அவர்கள் தம்மைப் போலவே உரிமை மக்கள் என்றும், தம்மோடு வருவதோ வேறிடம் செல்வதோ அவரவர் விருப்பம் என்றும் அறிவித்தார். கேட்டோர் நம்பவியலாது வாயடைத்து நின்றனர். இல்லினாய் சேர்ந்தபின், குடும்பத் தலைவர் ஒவ்வொருவர்க்கும் 160 ஏக்கர் நிலமும் வழங்கினார்.

இல்லினாய் 1818இல்தான் மாநிலமாயிற்று. 1787ஆம் ஆண்டுச் சட்டம் அங்கு அடிமை முறையைத் தடுத்திருந்தும், பழைய பிரெஞ்சுக் குடியினரின் அடிமைகளும், நெடுங்கால ஒப்பந்தத்தால் பிணிக்கப்பட்ட பணியாளரும் இருந்தனர். தென்மாநிலங்களிலிருந்து வந்தோர் பலர் அடிமை முறையை முழுமையாகவே புகுத்த விரும்பினர். 1822இல் நால்வர் போட்டியிட்ட ஆளுநர் தேர்தலில், ஏறத்தாழ மூன்றிலொரு பங்கு வாக்கே பெற்றுக் கோல்ஸ் வென்றார். பதவியேற்றவுடன், எஞ்சியிருந்த அடிமை முறையையும் ஒழிக்குமாறு சட்டமன்றத்தை வேண்டினார்.

எதிர்த்தரப்பினர் வெகுண்டனர். அரசியலமைப்பைத் திருத்த மாநாடு கூட்டலாமா என மக்களைக் கேட்பதற்கு, மன்றத்தில் மூன்றில் இரு பங்கு வாக்கு வேண்டும். ஒரு வாக்குக் குறைந்தது. உடனே, முன்னரே இருக்கை பெற்றிருந்த உறுப்பினர் ஒருவரை நீக்கி, அவருடைய போட்டியாளரை அமர்த்தித் தீர்மானத்தை நிறைவேற்றினர். அன்றிரவு ஒரு கூட்டம் ஆளுநரின் இல்லத்தின்முன் கொம்பும் பறையும் முழக்கி எள்ளி நகையாடியது.

கோல்ஸ் கலங்கவில்லை. தம் நான்காண்டு ஊதியம் முழுவதையும் அப்போராட்டத்திற்கே ஒதுக்கினார். அவரும் நண்பர்களும் செய்தித்தாள்கள் வாயிலாகவும் துண்டு வெளியீடுகள் வாயிலாகவும் மக்களுக்கு உண்மையை எடுத்துரைத்தனர். இங்கிலாந்திலிருந்து குடியேறிய மாரிஸ் பர்க்பெக் என்பார் புனைபெயரில் தெளிவான கட்டுரைகள் எழுதினார். பகைவரோ, பிணைப்பத்திரம் அளியாது அடிமைகளை விடுவித்தார் என ஆளுநர்மீதே வழக்குத் தொடுத்தனர். 2,000 டாலர் தண்டம் விதிக்கப்பட்டது. பிற்காலத்தில்தான் உயர்ந்த நீதிமன்றம் அதனை நீக்கியது.

1824 ஆகஸ்டு 2ஆம் நாள் மக்கள் வாக்களித்தனர். மாநாடு வேண்டுமென்றோர் 4,972 பேர். வேண்டாவென்றோர் 6,640 பேர். அடிமை முறைக்கு வாயில் அடைபட்டது. வாக்களித்தோர் அனைவரும் அறம் கருதியே வாக்களித்தனர் எனல் இயலாது. செல்வரின் அடிமைகளோடு எளிய உழவர் போட்டியிட இயலாது என்னும் அச்சமும் ஒரு காரணம். கறுப்பின மக்களை ஒடுக்கும் சட்டங்கள் அதன் பின்னும் அங்கு நெடுநாள் நிலைத்தன.

1826இல் கோல்ஸின் பதவிக்காலம் முடிந்தது. பின்னர்ப் பேரவைத் தேர்தலில் தோல்வியுற்ற அவர், பிலடெல்பியா நகரில் குடியேறினார். உள்நாட்டுப் போர் மூண்டபோது அவர் மைந்தருள் ஒருவர் தென்னவர் படையில் சேர்ந்து 1862இல் உயிர்நீத்தார். எந்தக் கொடுமையை ஒழிக்கத் தந்தை பாடுபட்டாரோ, அதனைக் காக்க எழுந்த படையில் மகன் மடிந்தது ஆறாத் துயரமே. எனினும், 1865இல் நாடு முழுவதும் அடிமை முறை ஒழிந்ததைக் கண்ணாரக் கண்டபின், 1868இல் கோல்ஸ் மறைந்தார்.

கோல்ஸ் ஊரார்க்கு அறம் உரைக்கும் முன்னர்த் தம் வீட்டில் அதனைச் செய்து காட்டினார். அதனாலன்றோ அவருடைய சொல் மக்கள் மன்றத்தில் எடுபட்டது!