எறா உரிக்கத் தெரியுமா?

கடற்கரையில் வசிப்பவர்கள் பாக்கியசாலிகள். எங்கள் அரக்கோணத்துக்கு அந்தப் பாக்கியம் இல்லை. சென்னைக்கு மேற்கே சுமார் 70 கிலோமீட்டர் தூரத்தில் இருக்கும் ஊர் இது. 1856-ஆம் வருஷம் ஜூலை மாதம் முதல் தேதியன்று ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரையில் தென்னாட்டின் முதல் பயணிகள் ரயில் ஓடிற்றல்லவா? அந்தப் பாதையில்தான் எங்கள் ஊர் அமைந்திருக்கிறது. ரயில் வந்ததேயன்றிக் கடல் வரவில்லை. ஆகவே, கடல் தரும் உணவு எதுவாயினும் பிரயாணம் செய்தே எங்கள் அடுப்பங்கரையை அடைய வேண்டும்.

திருத்தணி முருகனை எண்ணிச் செவ்வாய், வெள்ளி, கிருத்திகை நாட்களில் மாமிசம் தொடாத வீடுகள் இப்பக்கத்தில் பல உண்டு. என் வீடும் அவற்றில் ஒன்று. எனவே ஞாயிற்றுக்கிழமைக்கு எங்களிடம் தனி மதிப்பு. புத்தகங்கள் இறால் என்றும், நாங்கள் எறா என்றும், எல்லையோரத் தெலுங்குக் குடும்பத்தார் ரொய்யலு என்றும் அழைக்கும் பிராணி அன்றுதான் எங்கள் சட்டிக்கு வரும்.

சில வருஷங்களுக்கு முன் அத்தகைய ஒரு ஞாயிறன்று காலை எட்டு மணிக்கு ஒரு கிலோ எறா வாங்கினேன். "வாத்தியாரே, ரெண்டு கை ஐஸ் போட்டுத் தரட்டுமா?" என்று மீன்காரம்மாள் கேட்டாள். "வீடு இதோ இருக்கிறது, வேண்டாம்" என்றேன். வீடு அருகில்தான் இருந்தது. ஆனால் வழியில் ஒரு டீக்கடையும், அதில் இரண்டு சிநேகிதர்களும் இருந்தார்கள். தேச விவகாரங்களை ஒருவாறு தீர்த்துவிட்டு நான் வீடு சேர்ந்தபோது மணி பத்து. எறாவை உரித்துக் கழுவிச் சட்டியில் போட மேலும் ஒரு மணி ஆயிற்று.

அன்று இரவு குழந்தைகள் இருவருக்கும் வாந்தியும் வயிற்றுப்போக்கும். நான் என் மனைவியைப் பார்த்து, "சரியாய்க் கழுவினாயா?" என்று கேட்டேன். அவள் பதில் சொல்லவில்லை. விடியும்வரை குழந்தைகளுக்கு உப்பும் சர்க்கரையும் கலந்த நீரைச் சிறிது சிறிதாகப் புகட்டிக்கொண்டிருந்தாள்.

அதற்குப் பத்து நாள் கழித்து வகுப்பில் பெருக்குத் தொடர் நடத்தினேன். உதாரணத்துக்குக் கிருமிகளை எடுத்துக்கொண்டேன். வெப்பம் உகந்ததாக இருந்தால் சில கிருமிகள் இருபது நிமிஷத்துக்கு ஒரு முறை இரட்டிக்கும். ஒன்று இரண்டாகும், இரண்டு நான்காகும். மூன்று மணி நேரத்தில் ஒன்பது முறை இரட்டித்து ஒன்று 512 ஆகும் என்று கரும்பலகையில் எழுதியபோது என் கை நின்றுவிட்டது. எட்டு மணியிலிருந்து பதினொரு மணி வரையில் மூன்று மணி நேரம். அதில் இரண்டு மணி நேரம் எறா இருந்தது என் துணிப்பையில்! கொதிக்கவைத்தால் கிருமிகள் மடியும். ஆனால் அவற்றுள் சில விட்டுச்செல்லும் நஞ்சு கொதியிலும் அழிவதில்லை. குழந்தைகளின் நோய்க்கு இதுவே காரணம் என்று நான் சத்தியம் செய்ய இயலாது. எனினும் குற்றவாளிக் கூண்டில் முதலில் நிற்க வேண்டியவன் நான்தான்.

அன்று மாலை மனைவியிடம் கணக்கைச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். "மன்னிப்பு இருக்கட்டும், அடுத்த ஞாயிறு பக்கத்தில் உட்கார்ந்து உரியுங்கள்" என்றாள். அப்படி நான் கற்ற பாடத்தைத்தான் இங்கே எழுதுகிறேன்.

சுத்தம் சந்தையிலேயே தொடங்குகிறது. நல்ல எறாவின் உடல் பளபளப்பாகவும், ஓடு இறுக்கமாகவும், தலை உடலோடு உறுதியாய்ப் பொருந்தியும் இருக்கும். மூக்கைத் துளைக்கும் நெடி அடித்தால் விலை எவ்வளவு மலிவாயினும் வேண்டாம். தலையும் ஓடும் கறுத்திருப்பது ஒன்றே அழுகலுக்கு அடையாளமன்று. வெட்டிய வாழைக்காய் கறுப்பதைப் போன்றது அது. ஆயினும் பிடித்து நேரமாயிற்று என்பதற்கு எச்சரிக்கை. எறாவின் எடைக்குச் சம எடை ஐஸ் போட்டுக் கொண்டுவருவது உத்தமம்.

வீட்டுக்கு வந்ததும் முதலில் தலையைத் திருகி எடுத்துவிட வேண்டும். எறாவின் ஜீரண உறுப்பு தலைப்பகுதியில் இருக்கிறது. உயிர் போனபின் அதிலுள்ள ஜீரண நீர் எறாவின் சதையையே கரைக்கத் தொடங்கிவிடும். பிறகு கால்களின் பக்கமாகப் பிடித்து ஓட்டைக் கழற்றி, வால் நுனியை மெல்லக் கிள்ளி இழுத்தால் முழுதும் வந்துவிடும்.

அடுத்தது முதுகிலுள்ள கறுப்பு நூல். இதை நரம்பு என்று பலர் சொல்வார்கள். அது நரம்புமன்று, ரத்தக்குழாயுமன்று. அது எறாவின் குடல். அதனுள் இருப்பது மண்ணும் கழிவும். முதுகில் மேலாகக் கீறி, தென்னை ஈர்க்கின் நுனியால் தூக்கினால் அறுபடாமல் வரும். உண்மையான நரம்பு வயிற்றுப் பக்கம் ஓடுகிறது; அதனால் தீங்கில்லை. மிகப் பொடியான எறாவுக்கு இந்தச் சிரமம் வேண்டுவதில்லை.

பின்பு உப்பும் மஞ்சளும் சேர்த்து இரண்டு முறை விரைவாகக் கழுவி வடித்துவிட வேண்டும். நீரில் ஊறவிட்டால் சுவை போய்விடும். எலுமிச்சைச் சாற்றில் நெடுநேரம் கிடந்தால் சதை இறுகிவிடும். உரித்தபின் ஒரு கிலோவில் ஏறக்குறைய அரைக் கிலோதான் மிஞ்சும். தலையையும் ஓட்டையும் எறிந்துவிடாமல், புதியனவாயின், கழுவி இருபது நிமிஷம் கொதிக்கவைத்து வடிகட்டினால் குழம்புக்கு அருமையான சாறு கிடைக்கும். சக்கை செடிக்கு உரமாகும். சட்டியில் எறா அரைவட்டமாக வளைந்து சிவந்தால் பதம். முழு வட்டமாகச் சுருண்டால் ரப்பர்.

ஒரு எச்சரிக்கை. எறா சிலருடைய உடம்புக்கு ஒவ்வாது. தடிப்பும் மூச்சுத் திணறலும் உண்டாகும். அதற்குக் காரணம் அழுக்கன்று. எறாவின் சதையிலுள்ள ஒரு புரதம். கழுவுவதாலோ கொதிப்பதாலோ அது நீங்காது. அத்தகையோர் விலகியிருப்பதே நலம்.

இன்று சந்தையில் மிகுதியாகக் காண்பது வெனாமி என்னும் வளர்ப்பு எறா. லத்தீன் அமெரிக்காவின் பசிபிக் கடற்கரையைப் பிறப்பிடமாகக் கொண்ட இது, 2009-இல் அனுமதி பெற்று நம் நாட்டுக் குளங்களில் குடியேறியது. ஆனால் நமக்கு வடகிழக்கே, தமிழகத்துக்கும் ஆந்திரத்துக்கும் பொதுவாகப் பரந்து கிடக்கும் பழவேற்காட்டு ஏரியில், இருளர் குலப் பெண்கள் இடுப்பளவு நீரில் இறங்கி, பறியைப் பற்களால் கடித்துக்கொண்டு, சேற்றைக் கைகளால் துழாவி எறா பிடிக்கிறார்கள். ஏற்றுமதிச் சாலைகளில் குளிர்ந்த எறாவை மணிக்கணக்கில் உரிப்பவர்களும் பெரும்பாலும் பெண்களே. வீட்டில் உரிப்பவள் யார் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

முதல் நாள் அரைக் கிலோவை உரிப்பதற்குள் என் விரல்களில் மூன்று இடங்களில் முள் குத்திற்று. எலும்பில்லாத பிராணிக்கு இத்தனை முள்ளா என்று வியந்தேன். மனைவி சிரித்துவிட்டு, "இத்தனை வருஷமும் குத்தியது தெரியவில்லையா?" என்றாள்.

இப்போது ஞாயிறுதோறும் எங்கள் வீட்டில் நான்கு பேரும் முறத்தைச் சுற்றி உட்காருகிறோம். ஒரு மணி நேர வேலை இருபது நிமிஷத்தில் முடிகிறது. கிருமிகளுக்கு ஓர் இரட்டிப்புக்குத்தான் அவகாசம். உண்ணும் கை உரிக்கவும் உரிக்கட்டும். டீக்கடை காத்திருக்கும், எறா காத்திராது.