முனையோடு முனை

அம்பாசமுத்திரத்து மரச் செப்புகளைக் கையில் எடுத்துப் பார்த்திருப்பீர்கள். அவற்றுக்கு உருண்டை வடிவம் தருவது கடைசல் இயந்திரம். அதன் உயிர்நாடி, இரு முனைகளும் ஒரே நேர்கோட்டில் நிற்பதாகும்.

ஒருமுறை என் பட்டறையில் விளக்குத் தண்டுகளுக்கு இட்ட துளைகள் யாவும் வாய் அகன்றே அமைந்தன. தொழில் பழக வந்த இளைஞனின் கையையே பல நாள் குறை கூறினேன். பிறகு ஒரு நாள் மின் இணைப்பை நீக்கிவிட்டு, வால்பக்க முனையைத் தலைப்பக்க முனையோடு தொடுமாறு நகர்த்தி, மேலிருந்தும் பக்கத்திலிருந்தும் நோக்கினேன். இரண்டும் விலகி நின்றன.

முனைகளைச் செருகும் கூம்புக் குழிகளில் மரத்தூள் படிந்தாலும் இவ்விலகல் நேரும். ஆகவே முதலில் அவற்றைத் துடைத்தேன், மாற்றமில்லை. பின்னர் அடிக்கால்களின் திருகுகளைத் தளர்த்தினேன், முனைகள் நேர்ப்பட்டன! மேடுபள்ளமான தரையோடு சேர்த்து இறுக்கியதால் இயந்திரத்தின் அடிச்சட்டமே முறுகியிருந்தது. தரையில் படியாத காலின் அடியில் மெல்லிய தகட்டை வைத்து, முனைகளைப் பார்த்துக்கொண்டே சிறிது சிறிதாக இறுக்கினேன். இதற்குப் பின்னும் விலகல் நீடித்தால்தான் தலைப்பகுதியின் திருகுகளைத் தொடவேண்டும்.

அன்று மாலை அவ்விளைஞனிடம் என் வருத்தத்தைத் தெரிவித்தேன். கையைக் கடிந்துகொள்ளுமுன் கருவியைச் சோதிப்பது ஆசானின் கடமையன்றோ?