ஆறு கம்பிகள் – 12: பிக் வெளியேறும் வழி

கிட்டார் கற்றுக்கொள்பவர்களில் பலர் ஒரே கம்பியில் ஓரளவு வேகமாக வாசித்துவிடுவார்கள். அடுத்த கம்பிக்குப் போகும்போதுதான் சிக்கல் ஆரம்பிக்கும். இடக்கை விரல் சரியான ஃப்ரெட்டில் காத்திருக்கும். வலக்கையிலிருக்கும் பிக்கோ பக்கத்துக் கம்பியில் இடித்துக்கொண்டு நிற்கும், இல்லையென்றால் ஒரு சுரத்தை விழுங்கிவிடும். உடனே பிடி இறுகும், மணிக்கட்டு விறைக்கும், கொஞ்ச நேரத்தில் முன்கை முழுக்க வலி. பயிற்சி போதவில்லை என்று நினைத்து மறுநாள் கூடுதலாக ஒரு மணி நேரம் உட்காருவார்கள். அதே இடத்தில் அதே தடுமாற்றம்.

போன வாரப் பகுதி இடக்கையைப் பற்றியது. இந்த வாரம் வலக்கை.

எலெக்ட்ரிக் கிட்டாரில் பிரிட்ஜ் பக்கம் ஒரு கம்பிக்கும் அடுத்த கம்பிக்கும் இடையே ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர்தான் இருக்கும். பிக்கின் முனை அந்தச் சந்துக்குள் இறங்கித்தான் கம்பியைத் தட்டுகிறது. கை, கிட்டாரின் முகத்துக்கு இணையாக மேலும் கீழும் ஆடினால் டவுன் ஸ்ட்ரோக் முடியும்போது முனை ஒரு சந்தில் கிடக்கும், அப் ஸ்ட்ரோக் முடியும்போது இன்னொரு சந்தில் கிடக்கும். ஒரே கம்பியில் இருக்கும்வரை இதனால் தொந்தரவு இல்லை. கம்பி மாற வேண்டுமானால் முனை கம்பிகளின் மட்டத்துக்கு மேலே வந்தாக வேண்டும். ஒவ்வொரு தடவையும் அதைத் தனியாகத் தூக்கித் தாண்ட வைத்தால் வேகம் செத்துவிடும். அசைவின் பாதையே சற்றுச் சாய்வாக இருந்தால் இரண்டு ஸ்ட்ரோக்கில் ஒன்றின் முடிவில் பிக் தானாகவே வெளியே வந்து நிற்கும். வேகமாகவும் வலியில்லாமலும் பிக் பிடித்து வாசிப்பவர்களின் கைகள் இந்த ஒரு கணக்கை ஏதோ ஒரு விதத்தில் தீர்த்து வைத்திருக்கின்றன. பிக்கை எந்த விரலில் பிடிப்பது, சுண்டுவிரலைக் கிட்டாரின் மேல் ஊன்றலாமா கூடாதா என்ற வகுப்பறை விவாதங்களெல்லாம் இதற்கு அடுத்தபடிதான்.

ஜாங்கோ ரைன்ஹார்ட்டைப் பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் அவருடைய இடக்கையைப் பற்றியே பேசுவார்கள். 1910இல் பெல்ஜியத்தில் நாடோடி மனூஷ் குடும்பத்தில் பிறந்தவர். 1928இல் அவர் குடியிருந்த வண்டி தீப்பிடித்ததில் இடக்கையின் மோதிர விரலும் சுண்டுவிரலும் முடங்கிப்போயின. மீதி இரண்டு விரல்களைக் கொண்டே தனி வாசிப்புகளை அவர் பின்னியது பெரிய கதைதான். ஆனால் அவருடைய வலக்கையும் அதே அளவுக்குக் கவனிக்க வேண்டியது.

பாரிஸ் நகரின் நடனக் கூடங்களில் அக்கார்டியன்காரர்களுக்குப் பின்னால் பாஞ்சோ வாசித்து வளர்ந்த கை அது. ஒலிபெருக்கி கிடையாது. அக்கார்டியன் சத்தத்தையும் ஆடுகிறவர்களின் காலடிச் சத்தத்தையும் மீறிக் கேட்க வேண்டும் என்பதுதான் முதல் தேவை. மணிக்கட்டு வளைந்து, உள்ளங்கை கிட்டாரைத் தொடாமல் அந்தரத்தில் நிற்கும். டவுன் ஸ்ட்ரோக் கையின் எடையோடு விழுந்து அடுத்த கம்பியின் மேல் போய்ச் சாய்ந்து ஓய்வெடுக்கும். அங்கிருந்து திரும்பும் அப் ஸ்ட்ரோக் காற்றில் வந்து முடியும். மனூஷ் வாசிப்பில் இதற்கு ஒரு விதி உண்டு: புதுக் கம்பிக்குப் போனால் முதல் அடி டவுன் ஸ்ட்ரோக்தான், அதனால் தொடர்ந்து இரண்டு டவுன் ஸ்ட்ரோக் வந்தாலும் சரி. மேலும் கீழுமாக மாறி மாறித்தான் அடிக்க வேண்டும் என்று ஆல்டர்னேட் பிக்கிங்கைக் கட்டாயமாக்கும் ஆசிரியர்களுக்கு இது தவறாகத் தோன்றும். 1934இல் அமைந்த ஹாட் கிளப் ஐவர் குழுவின் பதிவுகளைக் கேட்டால் அந்தத் தயக்கம் போய்விடும். ஒரு வயலின், மூன்று கிட்டார்கள், ஒரு டபுள் பேஸ். டிரம்ஸ் இல்லாத அந்தக் குழுவில் ஜாங்கோவின் ஒவ்வொரு சுரமும் மணி மணியாக வந்து விழுகிறது.

அரை நூற்றாண்டு கழித்து, வேறொரு இசை உலகத்தில், ஏறக்குறைய இதே சாய்வு தலைகாட்டுகிறது. ஸ்வீடனிலிருந்து வந்த இங்வே மால்ம்ஸ்டீன் 1984இல் வெளியிட்ட ‘ரைசிங் ஃபோர்ஸ்’ இசைத்தொகுப்பு ராக் கிட்டாரின் வேகத்துக்குப் புதிய அளவு வைத்தது. அவருடைய கையிலும் டவுன் ஸ்ட்ரோக் சந்துக்குள் இறங்குகிறது, அப் ஸ்ட்ரோக் வெளியே வருகிறது. அப்படியானால் ஒவ்வொரு கம்பியிலும் அப் ஸ்ட்ரோக்கில் முடித்தால்தான் சுலபமாகத் தாண்ட முடியும். அதாவது இரட்டைப்படை எண்ணிக்கையில் சுரங்கள் இருக்க வேண்டும். அவருடைய வேகமான பிடிகளைப் பிரித்துப் பார்த்தால் அப்படித்தான் இருக்கின்றன. ஒற்றைப்படை வரும் இடங்களில், மேல்சுரங்களை நோக்கிப் போகும்போது அதே டவுன் ஸ்ட்ரோக்கை நீட்டி அடுத்த கம்பியையும் தட்டிவிடுவார். இறங்கி வரும்போது பிக்கை விட்டுவிட்டு இடக்கை விரலாலேயே கம்பியைச் சுண்டிக் கடைசிச் சுரத்தை எழுப்புவார். தன் கைக்கு எது இயல்போ அதற்குத் தோதாகவே அவர் இசையை அமைத்துக்கொண்டார். எல்லாவற்றையும் வாசிக்கக்கூடிய ஒரு பொதுவான கையைத் தேடிக்கொண்டிருப்பவர்கள் இதைக் கூர்ந்து கவனிக்க வேண்டும்.

இந்த நுட்பத்தைப் பொதுவாசகருக்குப் புரியும்படி வெளிக்கொண்டு வந்தவர் அமெரிக்க கிட்டார் கலைஞர் டிராய் கிரேடி. கிட்டாரிலேயே ஒரு சிறு கேமராவைப் பொருத்தி, கம்பிகளின் நீளவாக்கில் வலக்கையைப் பார்க்கும்படி வைத்து, பெயர்பெற்ற கலைஞர்களை வாசிக்கச் செய்து மெதுவோட்டத்தில் பதிவு செய்தார். கண்ணுக்கு எட்டாத வேகத்தில் நடப்பது அப்போது துலக்கமாகத் தெரிந்தது. சிலருக்கு அப் ஸ்ட்ரோக் வெளியேறுகிறது, சிலருக்கு டவுன் ஸ்ட்ரோக், சிலர் இடத்துக்கேற்ப இரண்டையும் மாற்றிக்கொள்கிறார்கள்.

இதிலிருந்து கிளம்பும் கேள்வி ஒன்று முக்கியமானது. “மெதுவா வாசி, வேகம் தானா வரும்” என்பது எல்லா வகுப்பிலும் கேட்கும் வாக்கு. இடக்கைக்கும் மனப்பாடத்துக்கும் அது பொருந்தலாம். பிக் பிடித்த கைக்கு அது பாதி உண்மைதான். மெதுவாக வாசிக்கும்போது எந்த அசைவும் வேலைக்கு ஆகும். பிக்கைத் தூக்கித் தாண்ட வைக்க நேரம் இருக்கிறது. அந்த அசைவை மாதக்கணக்கில் பழகிவிட்டு வேகத்தைக் கூட்டினால், அந்த வேகத்தில் அது செல்லுபடியாகாது. அதைவிட, ஒரே கம்பியில் ஒரே சுரத்தை முடிந்த அளவு வேகமாக, இறுக்கமே இல்லாமல் சில நொடிகள் அடித்துப் பார்ப்பது நல்லது. மணிக்கட்டு ஆடுகிறதா, முன்கை சுழல்கிறதா, முழங்கை இயங்குகிறதா என்று கையே காட்டிவிடும். அதுதான் அந்தக் கையின் இயல்பான அசைவு. அதன் பிறகு எந்த ஸ்ட்ரோக் வெளியேறுகிறது என்று பார்த்து, அதற்கேற்ற சுர வரிசைகளை எடுத்துக்கொண்டால் பயிற்சி வீணாகாது.

பிக்கே வேண்டாம் என்று முடிவெடுத்த கைகளும் உண்டு. இண்டியானாபோலிஸ்காரரான வெஸ் மாண்ட்கோமரி இருபது வயதை ஒட்டித்தான் கிட்டாரைக் கையிலெடுத்தார். பகலில் தொழிற்சாலை வேலை, இரவில் கிளப்பில் வாசிப்பு. வீட்டில் ஆம்ப்ளிஃபையர் வைத்துப் பழகினால் அக்கம்பக்கத்தில் முணுமுணுப்பு. சத்தத்தைக் குறைக்கக் கட்டைவிரல் சதையால் வாசிக்கத் தொடங்கினார், அந்த வட்டமான ஒலியையே தன் குரலாக்கிக்கொண்டார். 1960இல் ரிவர்சைட் நிறுவனத்துக்காகப் பதிவு செய்த வாசிப்புகளில் கட்டைவிரல் ஒன்றே ஒற்றைச் சுரங்களையும், ஒரே சுரத்தை இரண்டு ஸ்தாயியில் சேர்த்து வாசிக்கும் ஆக்டேவ்களையும் ஓட்டுகிறது.

செட் அட்கின்ஸின் கதை இன்னும் விசேஷம். சிறுவயதில் வானொலியில் மெர்ல் டிராவிஸ் வாசிப்பதைக் கேட்டார். பேஸும் மெட்டும் ஒன்றாக ஒலித்தன. பார்க்க வழியில்லை, காதால் கேட்டு, கட்டைவிரலோடு மூன்று விரல்களும் வேலை செய்கின்றன போலும் என்று எண்ணி அப்படியே பழகிக்கொண்டார். டிராவிஸ் பெரும்பாலும் பயன்படுத்தியது கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் மட்டும்தான். அட்கின்ஸின் தப்பான ஊகம் இன்னும் விரிவான ஒரு பாணியாக வளர்ந்து, நாஷ்வில் இசைப்பதிவுகளின் அடையாளங்களில் ஒன்றானது.

பிடியிலும் இதே கதைதான். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலின் பக்கவாட்டுக்கும் நடுவே பிக்கைப் பிடிப்பது பாடப்புத்தக முறை. எடி வான் ஹேலன் கட்டைவிரலுக்கும் நடுவிரலுக்கும் இடையில் பிடித்தார். ஜார்ஜ் பென்சன் வழக்கமான கோணத்துக்கு நேர் எதிராகப் பிக்கின் மறு விளிம்பால் கம்பியை உரசுகிறார். கட்டைவிரல் பின்னோக்கி வளைந்திருக்கும். குயீன் குழுவின் பிரையன் மே வாசிப்பது பழைய ஆங்கிலேய ஆறு பென்னி நாணயத்தால். நாணயம் துளியும் வளையாததால் விரல்களின் சின்னஞ்சிறு அசைவும் கம்பிக்குப் போய்ச் சேர்கிறது. அதன் விளிம்பிலுள்ள வரிகளைச் சற்றுச் சாய்த்துக் கம்பியில் உரசும்போது சுரத்தின் தொடக்கத்தில் ஒரு கரகரப்பு எழும். அவருடைய ஒலியை அடையாளம் காட்டுவதில் அதற்கும் பங்குண்டு.

கடையில் பிக் வாங்கப் போகிறவர்கள் இதை நினைவில் வைத்துக்கொள்ளலாம். அரை மில்லிமீட்டர் பிக் கார்டுகளை ஸ்ட்ரம் செய்ய இதமாக இருக்கும். ஒற்றைச் சுரங்களை வேகமாக வாசிக்கும்போது அது வளைந்து நிமிர்வதற்குள் அடுத்த சுரம் வந்துவிடும். ஈடுகட்டக் கை பிடியை இறுக்கும். ஒரு மில்லிமீட்டரும் அதற்கு மேலும் உள்ள பிக் வளையாது, ஆகவே தளர்வான பிடியே போதும். வலி என்று வருகிறவர்களில் சிலருக்குக் கையை மாற்றுவதற்கு முன்னால் பிக்கை மாற்றிப் பார்க்கச் சொல்லலாம். வாசிப்பதை நிறுத்திய பிறகும் வலியோ மரத்துப்போவதோ தொடர்ந்தால் கிட்டாரைக் கீழே வைத்துவிட்டு மருத்துவரைப் பார்ப்பதுதான் சரி.

கிரேடி கேமரா கட்டிப் பார்த்ததை இன்று ஸ்லோமோஷன் வசதியுள்ள கைபேசியிலேயே பார்த்துவிடலாம். கைபேசியைக் கிட்டாரின் தலைப்பக்கத்திலிருந்து பிரிட்ஜை நோக்கி, கம்பிகளின் மட்டத்துக்குச் சற்று மேலே வைத்துப் பதிவு செய்ய வேண்டும். மேலிருந்து எடுத்தால் சாய்வு தெரியாது. இரண்டு கம்பிகளில் நான்கு நான்கு சுரங்கள் போதும். முதலில் டவுன் ஸ்ட்ரோக்கில் தொடங்கி ஒரு முறை, பிறகு அப் ஸ்ட்ரோக்கில் தொடங்கி ஒரு முறை. எது தடுக்காமல் ஓடுகிறது, எதில் முனை சந்துக்குள் சிக்குகிறது என்பது பதிவில் பளிச்சென்று தெரிந்துவிடும்.

அடுத்த வாரம்: 1927இல் பிரிஸ்டல் நகரில் பதிவான கார்ட்டர் குடும்பத்தின் பாடல்களும், கட்டைவிரலால் மெட்டை வாசித்தபடியே மற்ற விரலால் தாளத்தையும் நடத்திய மேபெல் கார்ட்டரின் வலக்கையும்.