கடைசிப் பந்தியில் பங்குதாரர்

கொச்சியில் தேவரா, மட்டாஞ்சேரிப் பக்கம் வங்கிப் பங்கு என்று பேச்செடுத்தால் ஃபெடரல் வங்கியைத் தாண்டிப் போக முடியாது. 1931-ல் திருவல்லா அருகே நெடும்புரத்தில் தொடங்கிய திருவிதாங்கூர் ஃபெடரல் வங்கியை, வக்கீல் கே.பி. ஹோர்மிஸ் 1945-ல் கையிலெடுத்து ஆலுவாவுக்குக் கொண்டுவந்தார். 1994-ல் சந்தைக்கு வந்த அந்தப் பங்கை விற்காமல் வைத்திருந்தவர்கள் போனஸ், பங்குப் பிரிப்பு, டிவிடெண்ட் என்று நன்றாகவே சம்பாதித்தார்கள்.

'வாங்கிப் போட்டு மறந்துவிடு' என்பவர்கள் இதோடு பேச்சை முடித்துக்கொள்வார்கள். ஆனால் இதே கொச்சியின் பாங்க் ஆஃப் கொச்சின் 1985-ல் ஸ்டேட் வங்கிக்குள் போனது. லார்ட் கிருஷ்ணா வங்கி 2007-ல் செஞ்சூரியன் பாங்க் ஆஃப் பஞ்சாபில் கரைந்தது. மறுவருஷமே அதுவும் எச்டிஎஃப்சி வங்கியில் சேர்ந்தது. 1899-ல் பிறந்த கோழிக்கோடு நெடுங்காடி வங்கியை 2003-ல் பஞ்சாப் நேஷனல் வங்கி எடுத்துக்கொண்டபோது பங்குதாரருக்குச் சல்லிக்காசு தேறவில்லை.

1960-ல் பாலாய் சென்ட்ரல் வங்கி மூடப்பட்டபோது டெபாசிட் போட்டவர்களே தவித்தார்கள். அந்த அதிர்ச்சிக்குப் பிறகுதான் 1962-ல் டெபாசிட் காப்பீடு நடைமுறைக்கு வந்தது. இன்று ஒரு வங்கியில் ஒருவருக்கு 5 லட்சம் ரூபாய் வரை காப்பு உண்டு. பங்குக்கு அதெல்லாம் கிடையாது. எல்லோரும் சாப்பிட்டு எழுந்த பிறகுதான் பங்குதாரருக்கு இலை.

கணக்கு எளிது. 100 ரூபாய் கடன் கொடுத்த வங்கியின் சொந்த மூலதனம் பத்துப் பதினைந்து ரூபாய்தான் இருக்கும். மிச்சம் பெரும்பாலும் ஊரார் பணம். அந்த நூறில் பத்து ரூபாய் திரும்பாவிட்டால் அடி முதலில் விழுவது மூலதனத்தின் மேல்.

ஆகவே லாபத்தைவிட வாராக்கடனைப் பார்ப்பதே நல்லது. ஆண்டறிக்கையின் பின்பக்கக் குறிப்புகளில் ஒரு சின்ன அட்டவணை வரும்: வங்கி காட்டிய வாராக்கடன் எவ்வளவு, ரிசர்வ் வங்கி ஆய்வில் கண்டது எவ்வளவு என்று. வித்தியாசம் ஓர் அளவைத் தாண்டினால் வெளியிட்டே ஆகவேண்டும். தலைவரின் வண்ணப்படம் போட்ட முன்பக்கங்களைவிட எனக்கு அந்த அட்டவணைமேல்தான் நம்பிக்கை.

1926-ல் கரூரில் தொடங்கிய லட்சுமி விலாஸ் வங்கியும் ஒரே ராத்திரியில் விழவில்லை. மூன்று நிதியாண்டுகள் தொடர்ந்து நட்டம். 2019 செப்டம்பரில் ரிசர்வ் வங்கி அதன்மேல் உடனடித் திருத்த நடவடிக்கையை, அதாவது பலவீனமான வங்கிக்கான கட்டுப்பாடுகளை, விதித்தது; அது செய்தித்தாள்களிலும் வந்தது. 2020 நவம்பரில் டிபிஎஸ் பாங்க் இந்தியாவோடு இணைத்தபோது டெபாசிட்தாரர் பணம் பத்திரமாக இருந்தது, பங்கு மூலதனம் மொத்தமும் கழித்துக்கட்டப்பட்டது. இடையில் 14 மாதம். அந்தப் பங்கை விற்க முடிந்தது. மலிவாகக் கிடைக்கிறதே என்று வாங்கவும் ஆள் இருந்தது.